சொந்த வீட்டு விருந்தாளி

எங்கள் அத்தானைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது. அதனால்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

என் அக்காவின் வீட்டுக்காரர் அவர். தோவாளைக்கு அந்தப் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு ஊர். நிலத்தைப் பாட்டத்துக்கு, குத்தகையாக, விட்டிருந்தார். நெல் வீட்டு முற்றத்துக்குத் தானாக வந்து இறங்கும். குடிக்க மாட்டார். சீட்டு ஆட மாட்டார். அக்காவை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை, அதட்டிப் பேசியதுகூட இல்லை. நெற்றி நிறையத் திருநீறும், வெளுத்த வேட்டியும், சிரித்த முகமுமாக அவர் தெருவில் நடந்து போனால், "தங்கமான மனுஷன்" என்று சொல்லாத வாய் இல்லை. எங்கள் அம்மாவும் அதையேதான் சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது.

அவரிடம் இருந்த குணம் ஒன்றே ஒன்று. அவர் தன் சொந்த வீட்டில் விருந்தாளியாக வாழ்ந்தார்.

அக்கா தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தால், நாற்காலியில் இருந்தபடி இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார். தூக்கிக்கொண்டு, "பைய, பைய" என்று அவளுக்கு அனுசரணையாகச் சொல்லவும் செய்வார். சாப்பிட்டு முடித்தால் "ரசம் நல்லா இருந்து" என்று பாராட்டுவார். கை கழுவிவிட்டு, துண்டு வரும்வரை கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். துண்டு அவருக்குப் பின்னால் கொடியில்தான் தொங்கும். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியபோது, நாற்காலியை ஒழுகாத இடத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு, "இந்த வருஷம் நல்ல மழை" என்றார். பானையும் சருவமுமாகத் தூக்கிக்கொண்டு அக்கா அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார். கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தார். காப்பி குடித்தார், பிள்ளையைப் பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். எங்கள் அம்மா அந்த மிட்டாயை வைத்துக்கொண்டு நான்கு வீட்டில் பெருமை பேசினாள்.

எதையும் அவர் உத்தரவாகச் சொல்ல மாட்டார். "அவசரமில்ல, கேட்டியா? முடிஞ்சா ஒரு காப்பி" என்பார். அவசரமில்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்தால், அக்கா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள். அதட்டுகிற புருஷன் இருந்தால் பதிலுக்குப் பதில் ஒரு வார்த்தை பேசலாம், இரண்டு பாத்திரத்தை ஓங்கி வைக்கலாம். அவசரமில்லை என்று சிரிக்கிற மனுஷனை என்ன செய்வது? நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் அக்கா வீட்டுக்குப் போவேன். போய்த் திரும்பும்போதெல்லாம் எனக்கு இரண்டு நாளைக்கு மண்டை கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷத்திலிருந்து அத்தான் இலங்கைக்குப் போய்வரத் தொடங்கினார். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த ஒரு சிநேகிதர் அவருக்கு உண்டு. அந்தச் சிநேகிதர் தயவில், கடற்கரையை ஒட்டிய பெரிய ஓட்டல்களில் போய்த் தங்குவார். தொழில் விஷயமாக அல்ல, கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா இருப்பதற்காக. கும்பப்பூ அறுவடை முடிந்து பாட்ட நெல் முற்றத்தில் வந்து குவிகிற பங்குனி வெயிலில்தான் அவருக்குக் காற்று மாற்றம் தேவைப்படும். அக்கா அண்டாவில் நெல் அவித்து, முற்றத்தில் கொட்டி, காலால் துழாவி, காக்கையை விரட்டிக்கொண்டு நிற்பாள். அவர் தூத்துக்குடியில் கப்பல் ஏறுவார். பிறகு இலங்கைக்குப் போகக் காகிதம், கெடுபிடி என்றெல்லாம் வந்தது. அப்போதும் அவர் போகாமல் இருக்கவில்லை.

திரும்பி வந்தால் கதை. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் சாயங்காலம் அவர் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். தமிழ்நாட்டோடு சேரவேண்டுமா, திருவனந்தபுரத்தோடு கிடக்கவேண்டுமா என்று தொண்டை கட்டக் கத்துகிறவர்கள்கூட, அந்த ஒரு வாரத்துக்கு அதை மறந்துவிட்டுக் கொழும்புக் கடலைக் கேட்பார்கள். வெள்ளை மணல். மணல்மேல் பெரிய குடை. குடைக்குக் கீழே சாய்வு நாற்காலி. பக்கத்து மேஜையில் ஒரு மணி. மணியைத் தட்டினால், தலையில் வளைந்த சீப்பு செருகிய சிங்களப் பணியாள் தட்டோடு வந்து நிற்பான். செவ்விளநீர் வேண்டுமா, அன்னாசி வேண்டுமா? படுக்கையிலேயே காப்பி. குழாயைத் திறந்தால் வெந்நீர்.

ஒருநாள் நான் கேட்டேன். "அந்த ரூமையெல்லாம் யாரு அத்தான் பெருக்கித் துடைக்கது?"

அவருக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. என்னை அவர் மக்களே என்றுதான் கூப்பிடுவார். "அதுதான் மக்களே விசேஷம். யாரையும் நாம கண்ணால காண மாட்டோம். குளிச்சிட்டு வாறதுக்குள்ள படுக்கை விரிச்சிருக்கும், ஜன்னல் தொறந்திருக்கும், தண்ணி வச்சிருக்கும். யாரு செய்தா, எப்பம் செய்தா, ஒண்ணும் தெரியாது. சொர்க்கம்லா அது."

கூடியிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டினார்கள். உள்ளே அக்கா அத்தனை பேருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சொர்க்கத்தில்தான் அவர் வருஷம் முழுவதும் குடியிருக்கிறார் என்று அங்கே ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு தடவை அங்கிருந்து ஒரு பித்தளை மணி வாங்கி வந்தார். நாற்காலிப் பக்கத்தில் முக்காலி போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டார். விளையாட்டுக்கு என்றுதான் சொன்னார். அக்காவும் முதல் நாள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். மூன்றாம் நாள் சிரிப்பு இல்லை, ஆனால் வந்தாள். கடைசியில் அவள் மூத்த பையன் அதை எடுத்துக் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டான். அதற்கும் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அத்தான்தான். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்படிப்பட்டவரிடம் எங்கே சண்டைக்குப் போவது?

இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற காரியம் அல்ல.

அவர்கள் குடும்பம் சுத்த சைவம். சைவம் என்றால் மீன், கறி தொடாதது மட்டும் அல்ல. விடியுமுன்னே குளத்தில் முங்கி எழுந்து, ஈரச்சேலையோடு வந்துதான் பெண்கள் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். குளிக்காதவள் கை பட்டது எதுவும் அந்த வீட்டு ஆண்களின் தொண்டையில் இறங்காது. இதைச் சொல்ல வீட்டில் அவர் அம்மா இருந்தார்கள்; அத்தான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ஒரு மார்கழியில் அக்காவுக்குக் காய்ச்சல். வயிற்றில் ஐந்து மாதம். குளிக்காமல் ஒரு காப்பி போட்டுக் கொண்டுபோய் வைத்தாள். அவர் அவள் தலையைப் பார்த்தார். தலைமுடி காய்ந்திருந்தது. டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். "பசியில்ல. அவசரமில்ல, கேட்டியா? நீ குளிச்சிட்டே வை."

அவள் குளத்துக்குப் போனாள். அந்த வாரம் பிள்ளை கலைந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கறாரான பெண். அத்தானை எதிரே உட்காரவைத்துச் சொன்னார். இனி இந்த உடம்பு தாங்காது. விடியற்காலைக் குளியல் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்க வேண்டும். முடிந்தால் கடல்காற்று நல்லது. இல்லையென்றால் அடுத்த தடவை இவளை இங்கே கொண்டுவரவே வேண்டாம், பிரயோஜனம் இல்லை என்றார்.

கடல்காற்று என்றதும் அத்தான் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன, போயிருவோம்" என்றார். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த பெரிய ஓட்டல் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரரும் பெரிய உத்தியோகஸ்தர்களும் வந்து தங்குகிற இடம். அங்கே எல்லாரும் போவோம், கொழும்பைப் போலவே இருக்கும் என்றார்.

அக்காவுக்கு வந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல? கடலை அவள் ஆடி அமாவாசைக் கூட்டத்தில், ஆள்களின் முதுகுக்கு நடுவே கொஞ்சம் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். "ஏட்டி, அங்க அந்தச் சாஞ்ச நாற்காலியில நானும் இருக்கலாமா? யாரும் ஒண்ணும் சொல்லுவாங்களா?" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை கேட்டாள். பிள்ளைகளை எங்கள் அம்மாவிடம் விட்டாயிற்று. அக்காவுக்குத் துணையாக நானும் லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாடகைக் கார் வந்து நின்றது. அதில் அரிசிச் சாக்கு ஏறியது. பிறகு தேங்காய். பிறகு உருளி, சருவம், அரிவாள்மணை, சின்ன அம்மி. கடைசியில் விறகுக்கட்டு.

நான் அத்தானைப் பார்த்தேன். "என்ன அத்தான் இது?"

"ஓட்டல் அடுக்களையில கோழியும் ஆடும்லா வேகும். நமக்கு அது ஆகுமா மக்களே? நாம சைவம்லா" என்றார். அவர் சொன்ன தன்மையைக் கேட்டால், ஏதோ நான்தான் அவரைக் கோழி தின்னச் சொன்ன மாதிரி இருந்தது.

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சும்மா இரு. அவியளுக்கு அந்த மணமே ஆகாது, பாவம்."

ஓட்டலுக்குப் பின்பக்கம், மதிலை ஒட்டி ஓலைச் சாய்ப்பு ஒன்று இருந்தது. தங்க வருகிறவர்களோடு வரும் வேலைக்காரர்கள் பொங்கித் தின்பதற்கான இடம். என் அக்காவின் கடற்கரை அதுதான். முன்னால் கட்டடம் மறைத்து நின்றதால் அங்கிருந்து கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்த காற்று அடுப்புப் புகையை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது. டாக்டரம்மா சொன்ன கடல்காற்று. விடியற்காலையில் பின்பக்கக் கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் இங்கேயும் அடுப்புப் பற்றவைத்தாள். குளிக்காதே என்று நான் வாளியைப் பிடுங்கினால், "நேரமாச்சுடி, அவிய முழிச்சிருவாவ" என்று திரும்பப் பிடுங்குவாள். அரைக்கவும் நறுக்கவும் நான் இருந்தேன். ஆனால் அவர் இலையில் விழுவது அவள் கைச் சமையலாகத்தான் இருக்கவேண்டும்.

முன்பக்கத்தில் அத்தான் சாய்வு நாற்காலியில் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"டாக்டரம்மா ஓய்வு வேணும்னு சொன்னது யாருக்கு அத்தான்?"

"ஓய்வுதானே மக்களே எடுக்கா. இங்க நெல்லு அவிக்கணுமா? மாடு உண்டா? ரெண்டு பேருக்கு ஒரு பிடி சோறு வைக்கது ஒரு வேலையா?" இப்படிச் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டி, "நீயும் இரி, நல்ல காத்து" என்றார். மூன்று பேர் வந்திருக்கிறோம், இரண்டு பேர் என்கிறார். யாரை விட்டுவிட்டார் என்று அவரிடம் கேட்டு என்ன பயன்?

தங்கியிருந்த வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்டத்துரை ஒருவரோடும், அவர் மனைவியோடும், திருவனந்தபுரத்து உத்தியோகஸ்தர் ஒருவரோடும் அத்தானுக்குப் பழக்கமாகிவிட்டது. அவர்களிடம் நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டின் பெருமையை அளந்திருக்கிறார். மறுநாள் மதியம் அத்தனை பேரையும் சாப்பிட அழைத்தும்விட்டார். சாய்ப்புக்கு வந்து சொன்னார். "ஒண்ணும் பெரிசா வேண்டாம், கேட்டியா? அவியல், எரிசேரி, புளிசேரி, ஒரு தீயல், ஒரு பிரதமன். முடிஞ்சது போதும்."

மறுநாள் பதினொரு மணி இருக்கும். தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது, அக்கா உருளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நின்ற இரத்தம் திரும்பவும் சேலையில்.

நான் ஓடினேன். அத்தான் வராந்தாவில் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் காதோடு சொன்னேன். அவர் பதறவில்லை. "அப்படியா? பாவம். படுக்கச் சொல்லு. அவசரமில்ல" என்றார். உடனே திரும்பி, ஆங்கிலத்தில் அவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். எல்லாரும் எழுந்து ஓட்டல் சாப்பாட்டு அறைக்குள் போனார்கள். அவ்வளவு சுலபம்.

அக்காவைத் துடைத்து, சேலை மாற்றி, என் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிவந்தேன். எங்கள் அறைக்குப் போக வேண்டுமென்றால் சாப்பாட்டு அறை ஜன்னலைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே அவள் நின்றாள். ஏன் நிற்கிறாள் என்று நானும் பார்த்தேன்.

அத்தான் கோழி தின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு கலையவில்லை. இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கத்தி. எலும்பு எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் அறுத்தால் இறைச்சி கழன்று வரும் என்று கைக்கே தெரிந்திருந்தது. கண் தட்டில் இல்லை. பக்கத்திலிருந்த துரைசாணியிடம் கொழும்பு ஓட்டல் கதையைச் சொல்லிக்கொண்டே அறுத்தார். எனக்கு அதுவரை தெரியாது. அக்காவுக்கு எங்கே தெரியப்போகிறது?

அவர் எங்களைப் பார்த்தார். முகம் கொஞ்சமாவது மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. தெருவில் போகிற தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

அறையில் படுக்கவைத்தேன். ஜன்னல் முழுக்கக் கடல். அக்கா அதைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, அவிய கையப் பாத்தியா?" என்றாள். "எம்புட்டு நல்லா அறுக்காவ. நாலு நாள் பழக்கமில்ல அது."

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"அப்பம் அந்த மார்கழியில நான் குளத்துல எறங்குனது எதுக்குட்டி?"

நான் எழுந்து போய் வாடகைக் காருக்குச் சொல்லி, அவளை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்து, உயிரோடு வீடு திரும்பினாள். திரும்பிய மறுநாள் காலை, வெயில் முற்றத்துக்கு வந்தபிறகு எழுந்தாள். முகம் கழுவினாள். காய்ந்த தலையோடு அடுக்களைக்குள் போய் அடுப்புப் பற்றவைத்தாள். அத்தானின் அம்மா, எங்களுக்கு அத்தை முறை, வீடே அதிரக் கத்தினார்கள்.

"குளிக்காம அடுக்களையில கேறுதாளே! இது சைவ வீடா, என்ன எளவு வீடு?"

அக்கா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். முன்னறையில் அத்தான் இருந்தார். கடல் கதை கேட்க வந்த இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள். "கோழி திங்குகவியளுக்கு நான் எதுக்கு அத்தை குளிச்சிட்டுப் பொங்கணும்? கன்னியாகுமரியில நான் கண்ணால கண்டேன்."

அத்தை தன் மகனைப் பார்த்து, "இவ சொல்லுகது உள்ளதா லே?" என்றார்கள்.

அத்தானுக்குக் கோபம் வந்ததா? வரவில்லை. எழுந்து வந்து, எல்லார் முன்னிலும் அக்காவின் தலையைத் தடவினார். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த பெறவு இவளுக்கு மனசு செரியில்லம்மா. பிள்ளை போன துக்கம்லா. எனக்கு ஒரு வெசனமும் இல்ல. நான் பாத்துக்கிடுகேன்."

"நானும் கண்டேன்" என்றேன் நான்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ அவளுக்கத் தங்கச்சிலா. நீ வேற என்ன சொல்லுவ?"

வந்திருந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். அவர்கள் கண்ணில் இருந்தது என்ன தெரியுமா? அத்தான்மேல் இரக்கம். அன்று மாலைக்குள் ஊர் பேசி முடித்துவிட்டது. அவளுக்குப் பிராந்து, புத்தி பேதலித்துவிட்டது. அந்த மனுஷன் எத்தனை பொறுமையாக அவளை வைத்துப் பார்க்கிறார், வேறு ஒருத்தனாக இருந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பான். எனக்குத் தெருவில் நின்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினேன் என்றும் வையுங்கள், எனக்கும் பிராந்து என்றிருப்பார்கள்.

பிராந்து பிடித்தவள், குளிக்காதவள், சைவ வீட்டில் அடுப்பைத் தொடலாமா? தொடக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அக்கா அறைக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஓய்வு அவளுக்கு அப்படித்தான் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, அடுக்களையில் ஒரு சமையல்காரர் நின்று எரிசேரிக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். குளித்து, திருநீறு பூசி, சுத்தமான ஆள். நல்ல வாசனை. அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் அவள் தூங்கி அன்றுதான் பார்க்கிறேன்.

அத்தான் நாற்காலியில் இருந்தார். "வா மக்களே, இரி" என்றார்.

நான் உட்காரவில்லை. "இவரை எங்க பிடிச்சிய அத்தான்? இத்தன வருஷமா இவரு எங்க இருந்தாரு?"

"கீழத்தெருவுலதான் மக்களே இருக்காரு" என்றார் அத்தான், சிரித்த முகத்தோடு. "கூப்பிட்டா வருவாரு."